மேலூர் ரஸ்தாளியும் இரண்டு காற்றுப் பைகளும்

தம்பி, இது அப்பாவின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுக்காரர் எழுதியது இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் நானே எழுதுகிறேன். உன் கடிதம் வந்ததும் உன் அம்மா வழக்கம்போல அவரைக் கூப்பிடக் கிளம்பினாள். நில்லு என்று சொல்லி, தபால்காரரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, வாசலில் நின்றபடி நானே உரக்கப் படித்தேன். தபால்காரருக்கு அடுத்த தெருவுக்குப் போகிற அவசரம். ஆனாலும் முதல் பக்கம் முடிகிறவரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனார். பெரியவர்களுக்கு என்று இங்கே ஸ்ரீரங்கத்தில் சாயங்காலம் நடக்கிற வகுப்புக்குப் போகிறேன் என்று உனக்குச் சொல்லவே இல்லை. படித்துக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால் வெயில் ஏறுவதற்குள் அரைப்பக்கம் வருகிறது. அவசரம் எதுவும் இல்லை. வாழைத்தார் என்று எழுதும்போது வருகிற அந்த ழ எனக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. இந்தக் கடிதத்தில் அது அடிக்கடி வரும், பார்த்துக்கொள்.

கோயம்புத்தூரில் பிக்கப் வண்டி வாங்கி, பம்ப் செட்டு வார்ப்புகளை ஏற்றி ஓட்டுகிறாய். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடுகிறது, முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது, ஸ்டியரிங் பிடிக்கு நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பாதிப் பங்கு போட்ட கூட்டாளி வண்டியை விற்றுவிடலாம் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில், 'நம் பழைய வண்டியில் இரண்டு காற்றுப் பை மாட்டியிருந்தீர்களே அப்பா, அது எப்படி?' என்று ஒரு வரி. அந்த வரிக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் கூட்டாளி பேசுகிற பேச்சை உன் மாமா பேசி நான் கேட்டிருக்கிறேன். நீ அப்போது பள்ளிக்கூடம் சேராத பிள்ளை. பை மாட்டிய வண்டியைத்தான் நீ பார்த்திருக்கிறாய். அது மாட்டப்பட்ட கதை உனக்குத் தெரியாது. சொல்கிறேன், நிதானமாகக் கேள்.

அந்த வண்டி மிலிட்டரிக்காரர்கள் சண்டை முடிந்து ஏலத்தில் விட்டது. நானும் உன் மாமாவும் ஆளுக்குப் பாதி போட்டு எடுத்தோம். அதுவரை நான் அடுத்தவர் மாட்டு வண்டியில் கூலிக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தேன். இங்கே பக்கத்து மேலூர்த் தோட்டங்களில் தார் வெட்டி, ஸ்ரீரங்கம் தெருக்கள் வழியாகக் காவேரிப் பாலம் தாண்டி, காந்தி மார்க்கெட்டில் ஒரே ஒரு மண்டிக்குக் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. சொந்த வண்டி வந்ததும் இனி மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் தார் ஏற்றியதும் வண்டி குந்திக்கொண்டது. பின் டயர் மட்கார்டில் உரசிப் புகை வந்தது. பட்டறையில் காட்டியபோது, அச்சின்மேல் வண்டியைத் தாங்குகிற கமான் பட்டையோடு இன்னும் இரண்டு பட்டை சேர்த்து இறுக்கிக் கொடுத்தார்கள். வண்டி நிமிர்ந்துவிட்டது. ஆனால் கல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்தாலும் அடி நேராகப் பழத்துக்குப் போனது. நன்றாகத் திரண்ட ரஸ்தாளியைப் பற்றி உனக்குத் தெரியும், கொஞ்சம் அதிர்ந்தாலும் காம்பை விட்டு உதிர்ந்துவிடும். மண்டி வாசலில் பின்கதவைத் திறந்தால் தாருக்கு முன்னால் பழம் கொட்டும்.

மண்டி முதலாளி நல்ல மனிதர், கோபமாகப் பேச மாட்டார். அதுதான் இன்னும் கஷ்டம். ஒருநாள் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பழந்தான்பா வேணும், வேகம் வேணாம். மாட்டு வண்டியிலேயே வரட்டும், நீங்க செங்கல் கிங்கல் ஏத்திக்கங்க" என்று சொல்லிவிட்டார். அவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பார்வையைக் கீழே இறக்கினேன். அங்கேதான் தம்பி, நம் குடும்பத்துக்கு நல்ல காலம் உட்கார்ந்திருந்தது. முதலாளிக்கு மூல உபத்திரவம். டாக்டர் சொல்லி, காற்று அடைத்த ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் சரீரம் எப்படிப்பட்டது என்று உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால்தான் எழுந்திருப்பார். அந்தச் சரீரம் இப்படி அசைந்தால் வளையம் இப்படி அமுங்குகிறது, அப்படிச் சாய்ந்தால் அப்படி எழும்புகிறது. அவருக்கு ஒரு அதிர்வும் இல்லை, வளையம் நசுங்கவும் இல்லை. நான் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னப்பா அங்கயே பாக்குற?" என்றார். ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நேராகப் பாலக்கரைக்கு நடந்தேன்.

பாலக்கரையில் டயர் ஒட்டுகிற கடை வைத்திருந்த ரஹீம் பாயை உனக்குத் தெரியும். நான் முதலாளியின் ஆசனத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து அரைமணி நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், அச்சுக்கும் மேலே இருக்கிற சேசுச் சட்டத்துக்கும் நடுவில் கமான் பட்டைக்கு மேலே நல்ல இடம் இருக்கிறது, பக்கத்துக்கு ஒன்று வைக்கலாம் என்றார். முதலில் பழைய லாரி டியூபை மடித்துச் சாக்கில் சுருட்டிக் கட்டினோம். அது எங்கள் இரண்டு பேருடைய அவசரம். சைலன்சர் குழாய் பக்கத்தில் ஓடுகிறது என்பதை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. காவேரிப் பாலத்தின் நடுவில் சூடேறி அது வெடித்த சத்தத்துக்கு, பாலத்தில் போய்க்கொண்டிருந்த ஜனங்கள் எந்தக் கோயிலில் வேட்டுப் போடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். ஆகவே முதல் விஷயம்: உன் வண்டியில் சைலன்சர் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார். பைக்கும் அதற்கும் நடுவே கை நுழைகிற இடம் விட்டு, ஒரு தகரத்தையும் தடுப்பாக அடித்துவிடு.

பிறகு பாய் எங்கிருந்தோ ஆகாய விமானத்தின் வால் சக்கரத்து டயர்கள் இரண்டைக் கொண்டுவந்தார். அதுவும் மிலிட்டரி கழித்துப் போட்டதுதான். சின்னதாக, குண்டாக, தொட்டால் காண்டாமிருகத் தோல் மாதிரி இருந்தது. அதைப் படுக்கவைத்து, உள்ளே டியூப் போட்டு, கீழே ஒரு இரும்புத் தகடு, மேலே ஒரு தகடு வைத்து, நகராதபடி பூட்டினார். காற்றடித்தால் வண்டியின் பின்பக்கம் மெதுவாக எழுந்து நின்றது. கூடுதலாகப் போட்ட பட்டைகளை எல்லாம் கழற்றி எறிந்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். இரண்டு பைக்கும் தனித்தனியாக எதற்குக் குனிந்து காற்றடிக்க வேண்டும், ஒரே குழாயால் இணைத்துவிட்டால் இரண்டுக்கும் சமமாகப் போய்ச் சேருமே என்று நினைத்தேன். கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு எல்லாம் பொதுவாக இருந்தால்தான் நியாயமாகத் தெரியும். பாய் வேண்டாம் என்று சொன்னார், நான் கேட்கவில்லை. முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. வண்டி இடது பக்கம் சாயச் சாய, இடது பையில் இருந்த காற்று அமுக்கம் தாங்காமல் வலது பைக்கு ஓடுகிறது. சாய்கிற பக்கத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டியது, அந்தப் பக்கத்தைக் கைவிட்டுவிட்டுச் சும்மா இருக்கிற பக்கத்தைத் தூக்குகிறது. கள் குடித்தவன் மாதிரி வண்டி சாய்ந்துகொண்டே போய், ஒரு சோடாக் கடையின் பந்தல் காலில் தோள் கொடுத்து நின்றது. இரண்டாவது விஷயம் அதுதான்: பைகளை இணைக்காதே. ஆளுக்கு ஒரு வால்வு, ஆளுக்கு ஒரு காற்று.

அதைச் சரிசெய்த கையோடு, உன் மாமா வீட்டு விசேஷத்துக்குச் சமையல் பாத்திரங்களும் ஆட்களும் ஏற்றிப் போகும்படி ஆயிற்று. தார் ஏற்றுகிற நினைப்பிலேயே நான் பையில் காற்றை முழுசாக அடித்துவைத்திருந்தேன். பாத்திரமும் ஆளும் என்ன கனம்? வண்டி நிறைந்த காற்றோடு குதிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மேட்டிலும் பின்னால் இருந்த அண்டா மேலே போனது, அண்டாவைப் பிடித்துக்கொண்டிருந்த உன் மாமாவும் மேலே போனார், அண்டா முதலில் இறங்கியது, அவர் அதற்குள் இறங்கினார். உன் அம்மா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தன் தம்பியைத் திரும்பிப் பார்க்காமலே வந்தாள். இறங்கியதும் மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மச்சான், இது வண்டியா, கன்னுக்குட்டியா? போதும். என் பங்க எடுத்துக் குடுத்துருங்க, இல்லேன்னா வித்துருவோம்."

"மாப்ளே, பாரம் இல்லாம காத்து அதிகமாயிருச்சு. அவ்வளவுதான்."

"வயித்துக்குள்ள காத்து அதிகமானாலே மனுஷன் படுக்குறான். வண்டிக்கு வேறயா?"

அவருடைய பங்கைக் கொடுக்க என்னிடம் எதுவும் கிடையாது. வண்டி போனால் நான் மறுபடியும் அடுத்தவர் மாட்டு வண்டிக்குக் கூலி. மாமா சொன்னபடியே செய்கிற ஆள். மன்னார்புரத்தில் செங்கல் ஓட்டுகிற ஒருவரிடம் பேசிவிட்டார். ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் அவர் மார்க்கெட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. நான் மண்டி முதலாளியிடம் ஓடினேன். ஆடிப்பெருக்குக்குத் திருச்சி முழுக்கப் பழம் வேண்டும், ஒரே ஒரு நடை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் வளையத்தின்மேல் அசைந்து உட்கார்ந்து யோசித்தார். வண்டி கொள்ளுகிற மட்டும் ரஸ்தாளி ஏற்றிவா, மஞ்சள் ஏற ஆரம்பித்த தாராக ஏற்று, உதிர்ந்த பழம் ஒரு கூடை நிறைந்தால் அதற்கப்புறம் என் மண்டிக்கு வராதே, நிறையாவிட்டால் இந்தப் பருவம் முழுக்க மேலூர் நடை உனக்கு என்றார். ஒரு கூடை, தம்பி. அந்தக் கூடைக்குள் நம் வண்டி இருந்தது.

எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு காற்று என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. குறைந்தால் குந்தும், கூடினால் குதிக்கும். பாய் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வார், அது அவர் விரலுக்குத்தான் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் இதையே புலம்பிக்கொண்டிருந்தேன். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், "வெறும் வண்டி நல்லாத்தானே நிக்குது? அது நிக்கிற உசரத்துக்கு ஒரு குச்சி வெட்டி வச்சுக்கங்க. பாரம் ஏத்துன பெறகு அந்தக் குச்சி நிக்கிற வரைக்கும் காத்தடிங்க. அதுக்கு மேல எதுக்கு?" என்றாள். நான் எழுந்துபோய் மூங்கில் வெட்டினேன். பையில் காற்றை இறக்கிவிட்டு, காலி வண்டியில் அச்சுக்கும் சேசுக்கும் நடுவே குச்சியை நிறுத்தி அளந்தேன். இன்றைக்கும் இதைவிட நல்ல அளவு கிடையாது என்பேன். உன் கூட்டாளி மீட்டர் வாங்க வேண்டும் என்பார். வாங்கட்டும், ஆனால் குச்சியையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலூரில் காலையிலேயே ஏற்ற ஆரம்பித்தோம். அடியில் வாழைச்சருகை மெத்தை மாதிரி பரப்பி, தார்களைச் சாய்த்து, இடைவெளி எல்லாம் சருகு திணித்து, அடுக்குக்கு மேல் அடுக்காக ஏற்றினோம். அந்த வண்டி அதற்கு முன் அவ்வளவு பாரம் கண்டதில்லை. பின்பக்கம் இறங்கி இறங்கி மட்கார்டு டயரைத் தொட்டது. தோட்டக்காரர்கள் எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். நான் பம்பை மாட்டி இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி அடித்தேன். வண்டி எழுந்தது தம்பி. பாரம் முழுவதையும் முதுகில் வைத்துக்கொண்டு, யானை பின்னங்காலை ஊன்றி எழுந்திருக்கிற மாதிரி, சத்தமில்லாமல் எழுந்தது. குச்சி இரண்டு பக்கமும் நேராக நின்றது. தோட்டக்காரர் ஒருவர் பம்பைத் தொட்டுப் பார்த்து, இந்தக் குழாய் வழியாகவா இவ்வளவு கனமும் மேலே போனது என்று கேட்டார்.

வண்டி நிமிர்ந்துவிட்டது என்றதும் பாரம் குறைந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே தப்பு. பாலத்து இறக்கத்தில், ஆடிப்பெருக்குக்குப் புதுத் தண்ணீர் பார்க்க வந்த கூட்டம் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க மனசில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கியரைக் குறைத்து, ஹாரனை அழுத்தி, ஓரமாக ஒதுங்கி, ஒரு பூக்காரம்மாளின் கூடைக்கு ஒரு முழம் தூரத்தில் நிறுத்தினேன். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாள் எழுந்திருக்கக்கூட இல்லை. "மெதுவா வாங்கண்ணே, ஆறு எங்கயும் போயிடாது" என்றாள். இதை நன்றாக மனதில் வை. பை வண்டியைத் தூக்கும், கனத்தைக் குறைக்காது. அச்சு அதே அச்சு, டயர் அதே டயர், பிரேக்கு அதே பிரேக்கு. வண்டி தாங்குகிற பாரத்தை அழகாகத் தாங்கத்தான் பை. தாங்காததை ஏற்றுவதற்கு இல்லை. அன்றைக்கு நான் ஏற்றியது கடைசி எல்லை. அதற்கப்புறம் ஒருநாளும் அவ்வளவு ஏற்றவில்லை.

மண்டி வாசலில் மாமா நின்றிருந்தார். பக்கத்தில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக மன்னார்புரத்துக்காரர். உள்ளேயிருந்து முதலாளியைப் பிடித்துக் கூட்டிவந்து, வளையத்தையும் எடுத்துவந்து, வாசலிலேயே உட்காரவைத்தார்கள். அவர் காலடியில் ஒரு கூடை. பின்கதவைத் திறந்தேன். எதுவும் கொட்டவில்லை. சுமைக்காரர்கள் தாரை ஒவ்வொன்றாக இறக்க, உதிர்ந்து கிடந்ததை ஒருவர் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தார். மேல் அடுக்கு முடிந்தது, நடு அடுக்கு முடிந்தது. எனக்கு அடி அடுக்கைப் பற்றித்தான் பயம், பாரம் எல்லாம் அதன்மேல்தான். கடைசித் தார் இறங்கி, சருகையும் உதறிப் பார்த்தார்கள். கூடையில் அடிப்பாகம்கூட மறையவில்லை. மூங்கில் பின்னல் தெரிந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். உதிர்ந்ததில் ஒன்றை எடுத்து நிதானமாக உரித்து முழுசாகத் தின்றுவிட்டு, தோலைக் கூடையில் போட்டார்.

"நாளைக்கு ரெண்டு நடை வந்துரு. பொழுதோட வா" என்றார்.

மன்னார்புரத்துக்காரர் அந்த வெள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்துவிட்டார். வெளியே வந்தபோது முதுகெல்லாம் மண், முகமெல்லாம் கிரீஸ். பேசியதற்கு மேலே தருகிறேன், இப்போதே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று உன் மாமாவின் கையைப் பிடித்தார். பாதி வண்டி மாமாவுடையது, அவர் தலையாட்டிவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது. மாமா நிறையாத கூடையைப் பார்த்தார், இறக்கிவைத்த தார்களைப் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மன்னார்புரத்துக்காரர் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, ஏதோ அவர்தான் முதலிலிருந்தே இதற்காகப் போராடியவர் மாதிரிச் சொன்னார்:

"இது விக்கிற வண்டி இல்லீங்க. வேணும்னா பை எங்க செய்றாங்கன்னு சொல்றோம். போய் உங்க வண்டிக்கு மாட்டிக்கங்க."

தம்பி, அந்தப் பருவம் முழுக்க மேலூர் நடை நமக்குத்தான். அடுத்த பருவமும் நமக்குத்தான். உன் கூட்டாளியோடு சண்டை போடாதே, வாதமும் பண்ணாதே. உன் மாமாவிடம் நான் வாயால் சொன்னது எதுவும் அவருக்கு ஏறவில்லை. பையை மாட்டு. வண்டி தாங்குகிற அளவுக்கு வார்ப்பு ஏற்று. குச்சி நிற்கிற வரைக்கும் காற்றடி. பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவசரப்படாமல் ஓட்டிப் போய், இறக்குகிற இடத்தில் அவர் கையாலேயே பின்கதவைத் திறக்கச் சொல். வண்டி விற்பதற்கு இல்லை என்று அவரே நாலு பேருக்கு முன்னால் சொல்வார். நீ ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றால் போதும்.

அப்பா
ஸ்ரீரங்கம்